சுவருக்கு இந்தப் பக்கம்

அக்டோபர் 9

இந்த டைரி இனாமாக வந்தது. பெரிய கம்பெனி இன்று கிண்டியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் கூட்டம் போட்டது. அவர்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் அழைப்பு. வாசலிலேயே ஆளுக்கு ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு வேப்பங்கன்று, மூங்கில் பேனா, தேதி அச்சிடாத இந்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை எழுத்தில் ஒரு வாசகம். இந்தப் பக்கத்தில் 'பூமி நம் வீடு' என்றிருக்கிறது. வாடகை யார் கட்டுவது என்று போடவில்லை.

லண்டனில் இருக்கும் ஒரு முதலீட்டு நிறுவனம் பெரிய கம்பெனியின் பங்குகளை வாங்கியிருக்கிறதாம். வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள், வெயில் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று அவர்கள் இவர்களைக் கேட்கிறார்களாம். இவர்கள் எங்களைக் கேட்கிறார்கள். பர்ச்சேஸ் மேலாளர் சந்தானகிருஷ்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சப்ளையர்ஸ் ஆளுக்கொரு க்ளைமேட் பிளான் மார்ச்சுக்குள்ள குடுத்துடணும்" என்றார்.

நான் எழுந்தேன். "அதுக்கு ஆகற செலவை விலையில ஏத்திக்கலாமா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "மங்கையர்க்கரசி மேடம் எப்பவும் ஜோக்தான்."

நான் ஜோக் சொல்லவில்லை. என் பட்டறையில் ரப்பர் சீல் செய்கிறோம். பிரேக்குக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் கறுப்பு வளையம், உள்ளங்கையில் அடங்கிவிடும். என் வீட்டுக்காரர் சபாபதி ஆரம்பித்த பட்டறை. அவர் போன பிறகு மாமனார் வீட்டில் எல்லாரும் விற்றுவிடச் சொன்னார்கள். விற்கவில்லை. அந்தக் கோபத்திலேயே இத்தனை வருடம் ஓட்டியாயிற்று. நான் செய்யும் சீலில் முக்கால் பங்கை வாங்குவது பெரிய கம்பெனி. அதனால்தான் அவர்கள் சிரித்தால் நானும் உட்கார்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அக்டோபர் 14

சுவர் முடிந்துவிட்டது.

பெரிய கம்பெனி எங்கள் தொழிற்பேட்டைக்கு மேற்கே இருக்கிறது. நடுவில் ஓர் ஓடை. ஏரி நிறைந்தால் உபரிநீர் அதில் வரும். ஓடை கொள்ளாததைக் கம்பெனியின் காலி மைதானம் வாங்கிக்கொள்ளும். எத்தனையோ மழையை இப்படித்தான் தாண்டினோம். இப்போது மைதானத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கான்கிரீட் சுவர். ஓடை மட்டும் ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்துக்கொண்டு பழையபடியே கிடக்கிறது. இனிமேல் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை.

சந்தானகிருஷ்ணனுக்குப் போன் செய்தேன்.

"இன்ஷூரன்ஸ்காரங்க கேட்டது மேடம். வெள்ளத் தடுப்பு இருந்தா பிரீமியம் நல்லா குறையும். லண்டன்காரங்களுக்கும் திருப்தி."

"எங்க பக்கம் திரும்பற தண்ணிக்கு?"

"அது எங்க காம்பவுண்டுக்கு வெளியில. எங்க ஸ்கோப்ல வராதே மேடம்."

ஸ்கோப்! போனை வைத்துவிட்டு வெகுநேரம் திட்டிக்கொண்டிருந்தேன். பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டும் பவுன், "யாருக்கும்மா அர்ச்சனை?" என்று எட்டிப் பார்த்தாள்.

அக்டோபர் 21

தீபாவளிக்கு வந்த என் மகள் தமயந்தி இன்று கிளம்பினாள். வேளச்சேரியில் தோழிகளோடு தங்கியிருக்கிறாள். ஒரு தொழிற்சாலைக்கு வெள்ளத்தால் எவ்வளவு ஆபத்து, தீயால் எவ்வளவு ஆபத்து என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு மதிப்பிட்டுச் சொல்லும் நிறுவனத்தில் வேலை. எந்தெந்தத் தொழிற்சாலை என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்லக்கூடாதாம். என்ன ரகசியமோ.

போகிற வழியில் பட்டறையில் என்னை இறக்கிவிட வந்தவள், சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டாள்.

"இது எப்பம்மா முடிஞ்சுது?"

"போன வாரம்."

"ஓடையை அகலப்படுத்தலையா?"

"யாரு அகலப்படுத்துவா?"

தலை வலிக்கிறது என்றாள். உள்ளே வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போ என்றதற்கும் வேண்டாம் என்று போய்விட்டாள். பார்த்ததுமே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. படிக்கவைத்தது வீண் போகவில்லை என்று பெருமையாக இருந்தது.

நவம்பர் 12

பெரிய கம்பெனியிலிருந்து புது மோல்டு வந்தது. ரப்பரை வைத்து அழுத்தும் இரும்பு அச்சு. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்கலாம். என் பட்டறையில் இருக்கும் மோல்டுகள் எதுவும் என்னுடையவை இல்லை. எல்லாம் அவர்கள் சொத்து. துரு ஏறினாலும் கீறல் விழுந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆர்டரும் போய்விடும். சந்தானகிருஷ்ணன் எதற்குப் போன் செய்தாலும் "மோல்டு ஜாக்கிரதை மேடம்" என்றுதான் முடிப்பார். நானும் ஏகாம்பரத்திடம் அதையே சொல்வேன்.

ஏகாம்பரம் எங்கள் வாட்ச்மேன். சபாபதி காலத்து ஆள். ஒல்லி உடம்பு, வாயில் எப்போதும் வெற்றிலை. "கொயந்தை மாதிரி பாத்துக்கறேன்மா" என்று மோல்டுக்குச் சாக்குப் போர்த்திவிட்டார்.

வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புக் செய்ய வேண்டும்.

நவம்பர் 28

புயல் சின்னமாம். ஷட்டருக்கு அடியில் மணல் மூட்டை போடச் சொன்னேன். எல்லாப் பட்டறையிலும் போட்டிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் எதுவும் போடவில்லை.

நவம்பர் 30

ஞாயிறு. பட்டறை லீவு. விடியற்காலையிலிருந்து விடாத மழை. உளுந்து ஊறப் போட்டேன்.

மத்தியானம் இக்பால் பாயிடமிருந்து போன். எங்கள் வரிசையில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருப்பவர், சங்கச் செயலாளர். "மங்கைம்மா, ஏரியைத் தொறந்துட்டாங்களாம். தெருவுல தண்ணி ஏறுது."

ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். வாசல் கேட்டாண்ட இருக்கேம்மா என்றார். மோல்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சரிம்மா என்றார். அவ்வளவுதான்.

நானே போகலாம் என்று ஆட்டோ பிடித்தேன். ரயில் பாலத்துக்கு அடியில் கழுத்தளவு தண்ணீர். திரும்பி வந்துவிட்டேன். பிறகு அவர் போன் எடுக்கவில்லை. சார்ஜ் தீர்ந்திருக்கும்.

டிசம்பர் 1

எடுக்கவில்லை.

டிசம்பர் 2

ஏகாம்பரம் போய்விட்டார்.

டிசம்பர் 4

நேற்று எழுத முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிய பிறகு இக்பால் பாயும் பவுனின் தம்பியும் ஷட்டரை நெம்பித் திறந்தார்கள். நான் பின்னால் நின்றேன். மோல்டுகள் எல்லாம் உயரமான மேசையின்மேல் வரிசையாக இருந்தன. சாக்குகூடப் போர்த்தியிருந்தது. புது மோல்டு மட்டும் மேசைமேல் இல்லை. அது அவர் காலின்மேல் கிடந்தது. தனி ஆளாகத் தூக்கியிருக்கிறார். வழுக்கியிருக்கிறது. அதற்குமேல் தண்ணீர் ஏறியிருக்கிறது.

இக்பால் பாய் என் கண்ணை மறைக்கப் பார்த்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

வெளியே வந்தபோது சுவருக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன. பெரிய கம்பெனியின் செக்யூரிட்டிகள், உள்ளே ஏதோ ஏணியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டை நனையவில்லை. அவர்கள் மைதானத்தில் புல் பச்சையாக இருந்ததாம். சாயங்காலம், முந்தின நாள் மாடியிலிருந்து ஒருவன் செல்போனில் எடுத்த படத்தைப் பவுன் காட்டினாள். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் குடியிருக்கும் காலனியில் கூரைவரைக்கும் தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கொக்கு நின்றுகொண்டிருக்கிறது.

கல்லெடுத்து அடித்திருக்க வேண்டும். கல் எங்கே? எல்லாம் சேற்றுக்குள்.

டிசம்பர் 5

ஏகாம்பரத்தின் மனைவி பூங்காவனம் அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"மழை வலுக்குது, கேட்டைப் பூட்டிட்டேன், ஊட்டுக்கு வந்துக்கினே இருக்கேன், பஜ்ஜி போட்டு வையின்னு எனக்குப் போன் பண்ணாரும்மா. பாதி வழி வந்துட்டவரு. அப்பறம் ஏம்மா திரும்பிப் போனாரு?"

எனக்கு எப்படித் தெரியும்? வாசல் கேட்டாண்ட இருக்கேன் என்றுதானே என்னிடம் சொன்னார். மோல்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். உள்ளே போகச் சொல்லவில்லை.

டிசம்பர் 7

சந்தானகிருஷ்ணன் போன் செய்தார்.

"மேடம், மோல்டெல்லாம் சேஃபா?"

இதுதான் முதல் வாக்கியம். அட்சரம் மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஒரு மனுஷன் செத்திருக்கார் சார்."

"கேள்விப்பட்டேன் மேடம், ரொம்ப வருத்தம். ஆனா எங்க உற்பத்தி லைன் வெள்ளிக்கிழமையிலிருந்து நிக்குது. ஃபாக்டரி பூரா ரெடி, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. சீல் இல்லாம, ஸ்பிரிங் இல்லாம பிரேக் எப்படி போடறது? என்னிக்கு சப்ளை ஆரம்பிப்பீங்க?"

ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லையாம். அதைப் பெருமையாக வேறு சொல்கிறார். நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் அவர், "டென்ஷன்ல இருக்கீங்க, நாளைக்குப் பேசலாம்" என்றார்.

போனை வைத்த பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. அவ்வளவு பெரிய தொழிற்சாலை, அவ்வளவு உயரச் சுவர், உள்ளே எல்லாம் காய்ந்து கிடக்கிறது. ஆனால் என் கறுப்பு வளையம் இல்லாமல் ஒரு பிரேக்கைப் பூட்ட முடியவில்லை.

டிசம்பர் 8

பட்டறைக்காரர்கள் எல்லாரும் இக்பால் பாயின் ஷெட்டில் கூடினோம். நாற்காலி இல்லை, எல்லாம் ஈரம். நின்றபடியே பேச்சு.

நான் சொன்னேன்: "ஓடையை அவங்க செலவுல அகலப்படுத்தித் தரணும். சுவரை மைதானத்துக்கு நடுவால தள்ளிக் கட்டணும். அதுவரைக்கும் யாரும் ஒரு ஸ்குரூகூட அனுப்பக்கூடாது."

"ஆர்டரை வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னா?" என்றார் பிளாஸ்டிக் பட்டறை வரதன்.

"மாத்தட்டும். புது சப்ளையர் சாம்பிள் குடுத்து, அவங்க டெஸ்ட் பண்ணி, பாஸ் பண்ணி எடுக்க எத்தனை மாசம் ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? அதுவரைக்கும் லைனை நிறுத்தி வைப்பாங்களா?"

இக்பால் பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "நம்மால அவங்க நின்னதே இல்லியே இத்தனை நாளா. நாமதான் அவங்களால நின்னுருக்கோம்" என்றார். பிறகு கையைத் தூக்கினார். ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். வரதன் கடைசியாக, பாதிக் கை.

வீட்டுக்கு வந்தால், அன்று ஊறப் போட்ட உளுந்து பாத்திரத்தோடு நாறிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 10

தமயந்தி சொல்லாமல் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அந்தச் சுவரைச் சொன்னது நான்தாம்மா."

கரண்டியை நிறுத்தவில்லை. காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

"பெரிய கம்பெனிக்கு ரிஸ்க் பாக்கப் போன டீம்ல நான் இருந்தேன். ரெண்டு விஷயம் சொன்னேன். சுவர் கட்டணும், அதோட ஓடையை அகலப்படுத்தணும். ஒண்ணு இல்லாம ஒண்ணு கூடாதுன்னு சொன்னேன். இன்ஷூரன்ஸ்காரங்க, ஓடை அவங்க இடத்துல இல்ல, அதுக்கெல்லாம் பிரீமியத்துல தள்ளுபடி தர முடியாதுன்னுட்டாங்க. தள்ளுபடி இல்லைன்னதும் கம்பெனியும் வேண்டாம்னுருச்சு. என் மேலதிகாரி, சுவரைக் 'கட்டாயம்'னு போடு, ஓடையைச் 'செய்தால் நல்லது'ன்னு போடுன்னாரு."

"போட்டியா?"

"போட்டேன்."

"அந்தப் பக்கம் உன் அம்மா பட்டறை இருக்குன்னு தெரியுமா தெரியாதா உனக்கு?"

"தெரியும். தெரிஞ்சதாலதான் ரொம்ப அழுத்தலை. சொந்தக்காரங்களுக்காகப் பேசறேன்னு நெனைச்சுடுவாங்கன்னு…"

அவ்வளவுதான் தெரியும். கரண்டி எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை. என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். உன் கையெழுத்துத்தான்டீ ஏகாம்பரத்தைக் கொன்றது என்றேன். அதை மட்டும் எழுதுகிறேன். அவள் ஒன்றுக்கும் பதில் பேசவில்லை. திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

எல்லாம் அடங்கிய பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏகாம்பரம் தாத்தா ஞாயித்துக்கிழமை ஏம்மா உள்ள போனாரு? தண்ணி ஏறுறது அவருக்குத் தெரியுமே."

உப்புமா அடிப்பிடித்துவிட்டது. அடுப்பை அணைத்தேன்.

டிசம்பர் 13

பெரிய கம்பெனிக்குள் பேச்சுவார்த்தை. நானும் இக்பால் பாயும் போனோம். குளிர்சாதன அறை, முந்திரி பிஸ்கட். ஒரு பெரிய அதிகாரி திரையில் படம் காட்டினார். கடல் சூடாகிறதாம், மேகம் பெருகுகிறதாம், ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டுகிறதாம். "இது க்ளைமேட் சேஞ்ச். இதுக்கு யாரும் பொறுப்பில்லை. எல்லாருமே பாதிக்கப்பட்டவங்கதான்."

"நீங்க எதுல பாதிக்கப்பட்டீங்க?" என்றேன்.

"எங்க லைன் நின்னுருச்சே மேடம்."

இக்பால் பாய் மேசைக்கு அடியில் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். இல்லாவிட்டால் பிஸ்கட் தட்டு பறந்திருக்கும்.

"மழை வானத்துலேருந்து வந்துது சார், ஒத்துக்கறேன்" என்றேன். "எங்க பக்கம் அது திரும்புனது சுவரால. வானம் சுவர் கட்டலை."

மோல்டுகளை எடுத்துக்கொண்டு புனேயில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். தாராளமாக வந்து தூக்கிக்கொண்டு போங்கள், எப்படித் தூக்குவது என்று ஏகாம்பரம் செய்து காட்டியிருக்கிறார் என்றேன்.

டிசம்பர் 16

வரதன் நேற்று ராத்திரியோடு ராத்திரியாக ஒரு லோடு அனுப்பிவிட்டாராம். பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். இக்பால் பாய் திட்டவில்லை. நான் திட்டினேன். பிறகு சீல் இல்லாமல் அவருடைய பிளாஸ்டிக் மூடியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்ததும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

போனில் இடம் அடைத்துக்கொண்டிருந்தது. பழைய அழைப்புகளின் பட்டியலை எல்லாம் அழித்தேன்.

டிசம்பர் 20

காலையில் சந்தானகிருஷ்ணன் பட்டறைக்கே வந்துவிட்டார். முதல் தடவையாக. குரல் இறங்கியிருந்தது.

"மேடம், இன்னிக்கு இன்ஷூரன்ஸ்லேருந்து மும்பை ஆளுங்க வர்றாங்க. சப்ளையர் பட்டறை வெள்ளத்துல முங்கி அதனால எங்க உற்பத்தி நின்னா, அதுக்கும் எங்களுக்கு நஷ்டஈடு உண்டு. மெஷின் இன்னும் ரிப்பேர்லதான் இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். உங்களையும் நாங்க பாத்துக்கறோம்."

ஆக, செத்தது நாங்கள், பணம் அவர்களுக்கு. அதற்குச் சாட்சியும் நாங்களே. நான் பதில் சொல்லவில்லை. தலையாட்டினேன் என்று அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

மும்பைக்காரர் பெயர் நரங். வயதானவர், பெரிய ரப்பர் பூட்ஸ். கூடவே நான்கைந்து பேர். கடைசியில் தமயந்தி. எனக்குத் தெரியாமல் வந்திருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நரங் ஆங்கிலத்தில் கேட்டார், மெஷின் எப்போது ஓடும் என்று. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. பவுனைக் கூப்பிட்டு பிரஸ்ஸை ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஓடியது. சந்தானகிருஷ்ணனின் முகம் வெளுத்தது.

"மெஷின் ஒரு வாரமா ரெடி" என்றேன். "ஓட்டாதது நாங்கதான். ஓடை திறக்கறவரைக்கும் ஓட்ட மாட்டோம். அடுத்த மழைக்கு மறுபடி முங்கும். மறுபடி அவங்க லைன் நிக்கும். மறுபடி நீங்க பணம் தருவீங்க. ஒவ்வொரு வருஷமும் தருவீங்களா?"

அவர் பின்னால் திரும்பி, "இது உண்மையா?" என்றார், அவருடைய ஆட்களிடம்.

தமயந்தியின் மேலதிகாரி தொண்டையைச் செருமினார். ஆய்வு செய்ய வேண்டும் என்று தொடங்கினார். தமயந்தி அவரைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"உண்மை சார். சுவர் மட்டும் கட்டினா தண்ணி இங்கதான் வரும்னு அப்பவே தெரியும். ஓடையும் கட்டாயம்னுதான் முதல்ல எழுதினேன். உங்க ஆபீஸ் தள்ளுபடி தர மாட்டேன்னதும் மாத்திக் கையெழுத்துப் போட்டேன். அது நான் செஞ்ச தப்பு. இந்தப் பட்டறை எங்கம்மாவோடது. அதையும் சொல்லிடறேன்."

நரங் சுவரைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். எங்கள் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்தார். பிறகு சந்தானகிருஷ்ணனிடம் இரண்டே வாக்கியம்: வேலைநிறுத்தத்தால் நின்ற நாட்களுக்கு நஷ்டஈடு கிடையாது. ஓடையை அகலப்படுத்தி, சுவரைப் பின்னுக்குத் தள்ளாவிட்டால் ஏப்ரலுக்குப் பிறகு வெள்ளத்துக்குப் பாலிசியும் கிடையாது.

முடிந்தது. ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இக்பால் பாய் அழுதார். எனக்கு வந்ததெல்லாம் ஆத்திரம்தான். ஏகாம்பரம் செத்தது அந்த மனிதர் காதில்கூட விழவில்லை. காலனியில் அத்தனை வீடு முங்கியது விழவில்லை. லைன் நின்றது விழுந்தது. இப்படித்தான் நடக்கும் என்றால், இப்படியே நடந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நான் நன்றி சொல்ல மாட்டேன்.

தமயந்தி என்னிடம் பேசாமல் அவர்கள் வண்டியில் ஏறப் போனாள். அவர்கள் ஏற்றிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் போனாள்.

ஜனவரி 8

பொக்லைன் வந்துவிட்டது. இத்தனை வருடம் நாங்கள் மனு போட்டுக் கிடைக்காத அனுமதி பெரிய கம்பெனிக்கு ஒரே வாரத்தில் கிடைத்தது. ஓடையிலிருந்து டயர், கட்டில், ஒரு முழு ஸ்கூட்டர் எல்லாம் வெளியே வருகின்றன. திங்கட்கிழமையிலிருந்து சப்ளை ஆரம்பித்தோம்.

ஜனவரி 22

ஓடைக்கரையில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். பச்சை இலைப் படம். 'எங்கள் நிறுவனத்தின் பசுமைப் பங்களிப்பு.' லண்டன்காரர்களுக்கு அனுப்ப வீடியோ எடுக்கிறார்களாம். ஒரு பெண் மைக்கை நீட்டி, "சப்ளையர் பார்ட்னரா ரெண்டு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்றாள்.

"இங்க ஏகாம்பரம்னு ஒருத்தர் செத்தார்" என்று ஆரம்பித்தேன்.

கேமராக்காரன் நிறுத்திவிட்டான். வெளிச்சம் சரியில்லையாம்.

பிப்ரவரி 3

தமயந்தி வேலையை விட்டுவிட்டாள். அவர்களே விடச் சொன்னார்களா என்று கேட்கவில்லை. பூங்காவனத்தைப் பார்க்க வேண்டும், கூட வா என்றாள். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கூடவே போனேன்.

சட்டப்படி சேர வேண்டியதையும் அதற்கு மேலும் பூங்காவனத்துக்குக் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. வேலை இருந்தது.

தமயந்தி தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சுவர், ஓடை, கையெழுத்து. ஒன்றையும் மறைக்கவில்லை. பூங்காவனம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் தமயந்தியின் தலையில் கைவைத்தாள்.

"வயிறெரியுது எனக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ வந்து சொன்னியே. வேற ஒருத்தரும் வரலியே."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ என்னாம்மா, ஒண்ணும் பேச மாட்டேன்ற?"

தமயந்தியும் என்னைப் பார்த்தாள்.

காப்பி ஆறிவிட்டது என்றேன். பூங்காவனம் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். குடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தமயந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 24

கோடை மழை என்று நினைத்தால், காலையிலிருந்து ஐப்பசி மழை மாதிரி கொட்டுகிறது. மதியத்துக்கு மேல் பவுனையும் மற்றவர்களையும் வீட்டுக்கு அனுப்பினேன்.

ஓடையில் தண்ணீர் போகிறது. இக்பால் பாய் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாதிகூட நெறயல மங்கைம்மா, ஜோரா போவுது" என்று குழந்தை மாதிரி சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.

புது வாட்ச்மேன் மாசிலாமணி வந்து மூன்று மாதமாகிறது. பயந்த சுபாவம். கேட்டருகே நனைந்துகொண்டு நின்றார்.

"நீங்களும் கெளம்புங்க" என்றேன்.

"புது மோல்டைக் கீழயே வச்சிருக்காங்கம்மா. தண்ணி கிண்ணி வந்துதுன்னா… யாரையாச்சும் கூட்டு சேத்துக்கினு மேல ஏத்திட்டுப் போறேனே?"

"வேண்டாம்."

"கம்பெனி மோல்டாச்சேம்மா."

"கெட்டுப் போகட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க. போன பிறகு திரும்பி வரக்கூடாது. நான் போன் பண்ணாலும் எடுக்காதீங்க. ஒரு தடவை பண்ணி, எடுக்கலைன்னு மறுபடி பண்ணி, பாதி வழியிலேருந்து திரும்பி வரச் சொல்லித் திட்டுவேன். எடுக்காதீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சரிம்மா என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மெயினை அணைத்து, ஷட்டரை இறக்கி, கேட்டை நானே பூட்டினேன்.